முன்னாள் ராணுவத்தினரோடு வேலை செய்ய வரும் உளவியல் பிள்ளைகளுக்கு

உளவியல் படிக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு: "மேடம், முன்னாள் ராணுவத்தினரோட மனநலத்துல வேலை செய்யணும்னு ஆசை. எங்க சேரணும்?" சேருவதற்கு இடம் இல்லை என்பதுதான் என் பதில். அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே படைவீரர்களுக்கென்றே ஓர் அரசுத்துறை, அதன்கீழ் மருத்துவமனைகள், அவற்றில் மாதச் சம்பளத்துக்கு உளவியலாளர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இலேயே அந்தத் துறை உளவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டது. வியட்நாம் போய்த் திரும்பியவர்களும் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் விடாமல் கேட்டதால்தான் பி.டி.எஸ்.டி. என்ற, போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய் 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது. நாம் படிக்கிற பாடப்புத்தகம் முழுவதும் அந்த ஏற்பாட்டை நம்பி எழுதியது. இங்கே ராணுவத்துக்குள் மனநல மருத்துவர்கள் உண்டு. பென்ஷன் வாங்கி வீடு வந்து சேர்ந்தவருக்கு இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003இலிருந்து உண்டு. ஆனால் தண்டையார்பேட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆள் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் இல்லை. இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சில வருடங்களும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ராணுவக் குடும்பப் பின்னணி கிடையாது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் போய்வந்த கேட்டில் நின்ற செக்யூரிட்டிகளில் பலர் முன்னாள் ராணுவத்தினர். வட சென்னையில் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அவர்கள் எல்லா இடத்திலும் இருப்பது தெரியும். மணலி கம்பெனி வாசலில், கன்டெய்னர் யார்டில், வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஒரு ஸ்டூலில். சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு வருட சர்வீஸ் முடித்து நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருக்கும். அப்புறம் இன்னொரு இருபது வருடம் வேறொரு யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதுவும் பாதி நாள் இரவு ஷிஃப்ட். போரின் பாதிப்பு என்று புத்தகத்தில் படித்த பல விஷயங்களில் ஒரு பகுதி இந்த இரவு ஷிஃப்டின் பாதிப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

படிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் பணம் அங்கேதான் போனது. முதுகலை முடித்த சமயம் ஒரு தனியார் நிறுவனம் கிளினிக்கல் சைக்காலஜியில் ஒரு வருடப் பட்டயம் நடத்திக்கொண்டிருந்தது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உண்டா என்று வாய்விட்டே கேட்டேன். "அப்ளை பண்ணியிருக்கோம்மா, நீங்க முடிக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார்கள். வரவில்லை. கட்டணம், புத்தகம், புராஜெக்ட் என்று ஒன்றேகால் லட்சம், அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டுக் கொடுத்தது. ஒரு மருத்துவமனை வேலைக்கு மனுப் போட்டபோது அந்தப் பட்டயத்தை மேசைக்கு இந்தப் பக்கமே தள்ளிவிட்டார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை என்றுகூட அதில் இருக்கிறது. மறுபடி நுழைவுத்தேர்வு எழுதி, வெளியூரில் தங்கி இரண்டு வருட எம்.ஃபில். முடித்துத்தான் அந்த எண் கிடைத்தது. இப்போது எம்.ஃபில். என்ற பட்டமே விடைபெறுகிறது, வேறு பெயர்களில் படிப்புகள் வருகின்றன. எந்தப் பெயரானாலும் சரி, கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டு மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள். போன வருடம் இருந்தது என்பது பதில் ஆகாது. அப்ளை பண்ணியிருக்கோம் என்பதும் ஆகாது.

அடுத்து அறை. ஒரு மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு முதல் மாடி அறையைப் பிடித்தேன். மாதம் 8,000, அட்வான்ஸ் 60,000. கீழே ஒரு லேத் பட்டறை. அடுத்த மாதம் காலி செய்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னார். காலி செய்யவில்லை. தகடு தட்டுகிற சத்தத்துக்கு எனக்கே பேச்சு அறுந்துபோகும். எதிரே உட்கார்ந்திருப்பவரோ ஒவ்வொரு அடிக்கும் தோளைச் சுருக்குவார், பிறகு சுருக்கியதற்காக வெட்கப்படுவார். படிக்கட்டு வேறு செங்குத்து. பனிமலையிலும் பாரம் தூக்கியும் முட்டி தேய்ந்தவர்கள் ஏறி வருவதற்குள் பாதிக் கோபம் வந்துவிடும். ஒரு வருடத்தில் காலி செய்தபோது பெயிண்ட், கரண்ட் பாக்கி என்று கழித்துக்கொண்டு பாதி அட்வான்ஸைத்தான் திருப்பிக் கொடுத்தார். அறை பார்க்கப் போகிறவர்கள் வேலை நாளில், பட்டறைகள் ஓடுகிற நேரத்தில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தரைத்தளமாக இருக்கட்டும். வருகிறவரின் நாற்காலி கதவைப் பார்த்தபடி இருக்கட்டும், முதுகு சுவரில் சாயட்டும். கதவுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னால் அவர் கண்ணும் காதும் பின்னாலேயே இருக்கும், நீங்கள் பேசியது எதுவும் உள்ளே போகாது.

'மனநல ஆலோசனை' என்று பலகை மாட்டினால் யாரும் வர மாட்டார்கள். எங்கள் பக்கம் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே ஒரு வசவு. 1794இல் வேறிடத்தில் தொடங்கிப் பிறகு அங்கே வந்த மனநல மருத்துவமனை எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது என்பதெல்லாம் தெருச்சண்டையில் எடுபடாது. முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். மன அழுத்தம் என்று தலைப்பு வைக்காமல் தூக்கமும் ரத்த அழுத்தமும் என்று வைத்தேன். பேசி முடித்ததும் கேள்வி நேரம். சர்க்கரைக்கு வெந்தயம் நல்லதா என்று ஒருவர் கேட்டார். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் பிடித்தம் ஏன் தப்பாக வருகிறது என்று இன்னொருவர். வெறுத்துப்போய் வீடு திரும்பினேன். ஆனால் அந்த ஸ்பர்ஷ்தான் கடைசியில் கதவைத் திறந்தது. நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று பதிய வேண்டும், போனில் முகம் காட்டிப் பதிவது பலருக்குப் பெரும் தொல்லை. சங்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தேன். வரிசையில் நிற்கும்போது பேசுவார்கள். "மேடம், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல படுக்க முடியல" என்று யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். உளவியலாளர் செய்கிற வேலையா இது என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாக வந்தவர்கள், இல்லாவிட்டால் மனைவிமார் வழியாக வந்தவர்கள்.

இனி நான் சொல்கிற ஆட்களெல்லாம் இரண்டு மூன்று பேரைக் கலந்து, ஊரும் யூனிட்டும் மாற்றிச் சொல்வது.

உள்ளே வந்ததும் படிவத்தை நீட்டாதீர்கள். பி.டி.எஸ்.டி.க்கு இருபது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31, 33ஐத் தாண்டினால் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. என்னிடம் வந்த ஹவில்தார் ஒருவர் இருபதுக்கும் சுழியம் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் இருந்த அவர் மனைவி, "கட்டிலுக்கு அடியில கம்பி வெச்சிக்கினு தூங்குறாரும்மா, பசங்க ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா முதல்ல பேர் சொல்லணும், அப்புறம்தான் லைட் போடணும்" என்றார். நோய் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மருத்துவத் தரம் குறையும், புரமோஷன் போகும் என்று பல வருடம் பழகிய ஆள். ரிட்டயர் ஆகிவிட்டால் கை சட்டென்று மாறிவிடுமா? எந்த யூனிட், எந்த வருடம் எங்கே போஸ்டிங், அங்கே மெஸ்ஸில் சாப்பாடு எப்படி, லீவுக்கு வர எத்தனை நாள் ரயிலில் உட்கார வேண்டும் என்று ஆரம்பியுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்டிருப்பார்கள். நீங்கள் கேட்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் அங்கே இருங்கள். அவர் கால் மணி நேரம் முன்னாலேயே வந்திருப்பார்.

குழுவாக உட்கார வைத்துப் பேசவும் முயன்றேன். ஒரு சுபேதாரும் நான்கைந்து பேரும். சுபேதார் பேசி முடித்தார், மற்றவர்கள் "ஆமா சாப்" என்றார்கள். ரிட்டயர் ஆகி இருபது வருடம் ஆனாலும் ரேங்க் ரிட்டயர் ஆகவில்லை. அதிகாரி வேறு, ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி நடுத்தட்டு ரேங்க்) வேறு, ஜவான் வேறு என்று பிரித்து வைத்தால்தான் வாய் திறக்கிறது.

கோபம் என்று கூட்டி வரப்படுகிறவர்களில் முதலில் காதைப் பாருங்கள். இதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பீரங்கிப் படையில் இருந்த ஒருவர், கூப்பிட்டால் திரும்புவதில்லை, திரும்பினால் கத்துகிறார், டிவியை அலற விடுகிறார், மகளோடு பேச்சே இல்லை. குடும்பம் போர்க்காயம் என்றது. நானும் முதல் சில வாரம் அந்தப் பாதையிலேயே போனேன். காது பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு பார்த்தால், உயர் ஸ்தாயி ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டிருந்தன, மேலே ஓயாத இரைச்சல். பெண்பிள்ளையின் குரல்தான் அவருக்கு முதலில் தொலைந்திருக்கிறது. காது மிஷின் மாட்டிய பிறகு கோபத்தில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் நான் தேவைப்பட்டேன். ராணுவம் ஆட்களைத் தரம் பிரிக்கும் ஷேப் (SHAPE) என்ற ஆங்கில ஐந்தெழுத்தில் மனநிலைக்கு அடுத்த எழுத்தே காதுதான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அது எழுதியே இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. இரைச்சல் இருப்பவருக்கு நிசப்தமான அறை ஆகாது. படுக்கும்போது ஃபேன் சத்தம் வேண்டும்.

பட்டாசு வேறு. தீபாவளி எல்லா ஊரிலும் உண்டு, நாள் தெரியும், தயாராகலாம். எங்கள் பக்கம் சாவுக்கும் வெடி. மேளத்தோடு ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது சரவெடியை வைத்துவிடுவார்கள், எந்த நாள் எந்த நேரம் என்று யாருக்குத் தெரியும். வியாசர்பாடிப் பக்கம் ஒருவர் தீபாவளி இரவை சென்ட்ரல் ஸ்டேஷனில் கழிப்பார். ரயில் சத்தம், அறிவிப்பு, கூட்டம் எதுவும் அவரை ஒன்றும் செய்வதில்லை. வீட்டில் அதை வேறுமாதிரி சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு வெடிச் சத்தத்தை போனில் மெதுவாக வைத்துக் கேட்டுக்கேட்டுப் பழக்கினோம், அப்புறம் தெருவில் தூரத்தில் நின்று. முழுதாகப் போகவில்லை. ஆனால் போன தீபாவளிக்கு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு தடவை கீழே இறங்கி வந்தாராம், அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும் நேரத்தைக் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த வெடி, எதிர்பாராத வெடி அளவுக்கு ஆளைத் தூக்கி அடிப்பதில்லை.

இந்த வேலையில் என்னை மிகவும் சிரமப்படுத்தியவர்கள் இலங்கைக்குப் போய் வந்தவர்கள். கார்கில், காஷ்மீர் போனவர்கள் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கியபோது, இந்தியா அங்கே அனுப்பியிருந்த அமைதிப் படையில் தமிழ் பேசுகிற சிப்பாய்களும் இருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அங்கே மொழி தெரிந்தவர்கள் என்பதால் சோதனைச் சாவடியிலும் வீட்டுச் சோதனையிலும் இவர்களைத்தான் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் எனக்குச் சொன்னது: கண்ணிவெடி கனவில் வருவதில்லை, கூட இருந்தவன் செத்தது வருவதில்லை, ஒரு கிழவி வாசலில் நின்று "தம்பி, நீர் தமிழ்ப் பிள்ளையெல்லோ" என்று கேட்டதுதான் வருகிறது. கூட இருந்த மற்ற மாநிலத்துக்காரர்களுக்கு அது வெறும் சத்தம். இவருக்குப் புரிந்தது. 1990 மார்ச்சில் படை திரும்பி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. இவர் வீடு துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரம். தெருவில் கேட்டவர்களிடம் பஞ்சாபில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் மனைவிக்கும் பஞ்சாப்தான்.

பயத்தால் வந்த காயத்துக்கு நம்மிடம் சோதித்துப் பார்த்த முறைகள் இருக்கின்றன. பயந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து அதன் கூர்மையை மழுக்கலாம். எழுத வைத்து நினைப்பில் இருக்கும் முடிச்சைப் பிரிக்கலாம், பன்னிரண்டு அமர்வு. ஆனால் இவருக்கு இருந்தது பயம் இல்லை, குற்றவுணர்வு. தார்மீகக் காயம் என்று 2009க்குப் பிறகு இதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நீங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டவர், உங்கள் தப்பு இல்லை என்று சொன்னால் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். அதை அவருக்கு அவரே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். என் சங்கடம் வேறு. ஈழத்தின் மேல் பரிவு இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான், சின்ன வயதில் எங்கள் தெருச் சுவரெல்லாம் அந்தப் போஸ்டர்தான். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அவர் மேல் இரக்கமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. அது முகத்தில் தெரிந்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். இந்த மாதிரி ஆட்களைப் பார்க்க உட்காரும் முன் உங்கள் அரசியலை வேறொரு மூத்தவரிடம் கொட்டித் தீர்த்துவிட்டு வாருங்கள். கேட்கும்போது தீர்ப்பும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அவர் அதை முழுதாக ஒருமுறை, இன்னொரு தமிழ்க் காதில் சொல்லி முடித்ததே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தூக்கத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

எழுதச் சொன்னால் இவர்கள் நன்றாக எழுதுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நேரம், இடம், ஆள் எண்ணிக்கை எல்லாம் இருக்கும், ரிப்போர்ட் மாதிரி. தன்னைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்த வரியை வரவழைப்பதுதான் வேலை.

குடியைப் பற்றி எழுதாமல் முடியாது. ராணுவ கேன்டீன் கோட்டா ரம் வீட்டுக்கு வருகிறது, தீர்ந்தால் டாஸ்மாக். பத்துக் கேள்வி ஆடிட் படிவம் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கிறது, 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது குடி இல்லை, குடியை நிறுத்திய விதம். நீண்ட காலம் தினமும் குடித்தவரை, ஆசிரமத்தில் சத்தியம் வாங்கிவிட்டோம் என்று குடும்பத்தினர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. அன்றிரவு வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் ஆட்கள் தெரிகிறார்கள், பொசிஷன் எடு என்று கத்துகிறார். போர் நினைவு திரும்பிவிட்டது என்று எனக்குப் போன் செய்தார்கள். அது போர் நினைவு இல்லை, மது விலகலால் வரும் சித்தப்பிரமை, உயிரையே எடுக்கக்கூடியது. ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகச் சொன்னேன், பிழைத்தார். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில், மருந்தோடு, தயமின் என்ற வைட்டமின் ஊசியோடு நிறுத்த வேண்டும். முதல் நான்கு நாள்தான் ஆபத்தான காலம். உளவியலாளர்களுக்கும் இதிலே ஒன்று: நாம் மருந்து எழுத முடியாது. போனை எடுக்கிற ஒரு மனநல மருத்துவரையாவது கைவசம் வைத்துக்கொள்ளாமல் இந்தத் தொழிலில் கால் வைக்காதீர்கள். கெட்ட கனவுக்கு பிராசோசின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்து சிலருக்குக் கைகொடுக்கிறது. முதல் மாத்திரையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. அதெல்லாம் அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டிய விஷயம்.

துப்பாக்கி இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். நம் ஊரில் யாரிடம் துப்பாக்கி என்று நினைப்போம். வங்கியிலும் நகைக்கடையிலும் ஆயுதக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர் பலர் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடுதான் போகிறார்கள், ஷிஃப்ட் முடிந்தால் அது வீட்டு பீரோவுக்கு வருகிறது. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்ன நாளில் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவர் தானாகச் சொன்னார். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதையே சொல்லி, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ கொஞ்ச நாள் வைக்கலாம் என்றால் கௌரவக் குறைச்சல் இல்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் செய்ததாகக் கொள்ள வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

காகிதம். பாதிப் பேர் கடைசியில் கேட்பது ஒரு கடிதம்: எனக்கு மனநோய், அது சர்வீஸால் வந்தது என்று எழுதிக் கொடுங்கள். ஊனமுற்றோர் பென்ஷனுக்காக. முதலில் எனக்குக் கசப்பாக இருந்தது, இதற்குத்தானா வந்தாய் என்று. போகப்போக அந்தக் கசப்பு போய்விட்டது. வெளியேறும்போது நடந்த மருத்துவ வாரியம் 'சர்வீஸால் வந்ததும் இல்லை, அதிகமானதும் இல்லை' என்று எழுதிவிட்ட ஒரு வரியோடு ஒருவர் எத்தனை வருடம் மல்லுக்கட்டுகிறார் என்று பார்த்தால் உங்களுக்கும் போய்விடும். ஆனாலும் அந்தக் கடிதத்தால் பயனில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சிகிச்சைக் குறிப்பு தருவேன், சர்வீஸால் வந்ததா என்று முடிவு செய்வது மருத்துவ வாரியம். அதை எதிர்த்து மேல்முறையீடு, அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. சேரும்போது மருத்துவக் குறிப்பில் எதுவும் இல்லையென்றால் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக மனநோய் வழக்குகளெல்லாம் ஜெயித்துவிடும் என்று இல்லை, எதிராகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. 2023 செப்டம்பரில் விதிகளும் மாறின, எப்போது வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து எந்த விதி என்பது மாறும். இதெல்லாம் ராணுவப் பென்ஷன் வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. டிஸ்சார்ஜ் புக், மருத்துவ வாரிய நடவடிக்கை நகல், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இவற்றை லாமினேட் செய்யாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். எங்கள் ஊர் மழைக்கு எத்தனை ஃபைல்கள் வெள்ளத்தில் போயின தெரியுமா? போனில் படமெடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

வருமானத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வழியாகப் போனால் பட்டியலில் இருக்கும் மருத்துவமனையில் அவருக்குச் செலவில்லை. என்னிடம் வந்தால் கைக்காசு. ஐந்நூறு ரூபாய் ஃபீஸ் சொன்னால் இருநூறு வரும், சில மாதம் அதுவும் வராது. கேன்டீன் ஹார்லிக்ஸ், சோப்பு, பெட்ஷீட் வரும். ஒருவர் குடியை விட்டதற்கு நன்றியாகத் தன் கோட்டா ரம்மையே கொண்டுவந்து வைத்தார், எப்படி மறுப்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அறை வாடகையைக் கணவர் சம்பளத்திலிருந்து கட்டிய மாதங்கள் உண்டு. வீட்டில் அதற்காக நடந்த சண்டைகளும் உண்டு.

உடம்பு தனியாகக் கணக்குக் கேட்டது. ஒரு கட்டத்தில் கடை ஷட்டர் இறக்கும் சத்தத்துக்கு நான் துள்ளினேன். தூக்கத்தில் யாருடைய கனவோ எனக்கு வந்தது. கேட்பவருக்கும் இது தொற்றும் என்று பாடத்தில் படித்துத்தான் இருந்தேன், ஆனால் படித்தது அந்த நேரத்தில் உதவவில்லை. நான்கு பேரை அடுத்தடுத்து பார்த்த நாட்களில் மகனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பெங்களூரில் இருக்கும் ஒரு மூத்த உளவியலாளரிடம் மாதம் இருமுறை காணொளியில் மேற்பார்வை வாங்க ஆரம்பித்த பிறகுதான் நிலைக்கு வந்தேன். மாதம் மூவாயிரம் ஆகிறது. வாடகையைப் போல, கரண்ட் பில்லைப் போல அதையும் முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இப்படிப்பட்ட அமர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இப்போது பகலில் ஒரு பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். மாலையில் சில நாட்கள் மட்டும் இவர்களுக்கு, ஒரு மருத்துவர் தன் கிளினிக்கில் வாடகையில்லாமல் கொடுத்த தரைத்தள அறையில். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக நேரத்தை ஐந்து மணிக்கு வைத்திருக்கிறேன். இப்படித்தான் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. வேறு சம்பளம் இல்லாமல் இதை மட்டும் நம்பி வராதீர்கள்.

குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால்: அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள், மனைவியோ பிள்ளையோ தனியாக வந்து பேசலாம். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. முதல் தடவை ஆலோசனைக்கு வரும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, இ.சி.எச்.எஸ். கார்டு, டிஸ்சார்ஜ் புக் நகல், காது பரிசோதனை செய்திருந்தால் அதன் தாள், இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். குடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், மறுநாள் வரட்டும். ஆனால் வருவதற்காக முந்தின நாளே குடியை நிறுத்த வைக்காதீர்கள்.